சைட்டில் படித்த இந்தி

கடலூரில் கட்டட சைட் இன்ஜினியராக இருக்கிறேன். முன்பெல்லாம் எங்கள் வேலைக்கு நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்திலிருந்துதான் ஆள் வரும். இப்போது சென்ட்ரிங், கம்பி கட்டு, பூச்சு என்று எதை எடுத்தாலும் பாதிக்கு மேல் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். அவர்களோடு வேலை பார்க்க இந்தி கற்றுக்கொண்டேன். இதே நிலைமையில் இருக்கும் சூப்பர்வைசர்கள் அடிக்கடி "எந்த புக் சார் வாங்கினீங்க?" என்று கேட்கிறார்கள். புக்கால் நடந்த காரியம் குறைவு.

பள்ளியில் படிக்கும்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு டீச்சர் வீட்டு மாடியில் இந்தி டியூஷன் போனேன். தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக், மத்யமா இரண்டும் பாஸ். நாற்காலி பெண்பாலா, மேஜை ஆண்பாலா என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஞாபகம்தான் மிச்சம். சைட்டுக்கு வந்து பார்த்தால், சிவான், சப்ராவிலிருந்து வந்தவர்கள் அந்த ஆண்பால் பெண்பாலை அவ்வளவாகக் கண்டுகொள்வதே இல்லை. 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில், 'நாங்கள்' என்று பொருள்படும் 'ஹம்' என்பார்கள். "ஹம் கல் நஹீன் ஆயேங்கே" (நாளைக்கு வர மாட்டோம்) என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, நாளைக்கு மொத்த கேங்கும் லீவு என்று நினைத்து முதலாளிக்குப் போன் போட இருந்தேன். அவர் தன் ஒருவரைத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்புறம்தான் விசாரித்தேன். சப்ராக்காரர் வீட்டில் பேசுவது போஜ்புரி. தர்பங்காக்காரருக்கு மைதிலி. ஒடிசாக்காரர்களுக்கு ஒடியா. ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு பேருக்கு சந்தாலி. இந்தி அவர்களுக்கும் பள்ளிக்கூடத்திலும் வேலையிடத்திலும் பழகிய மொழிதான். இது தெரிந்ததும் எனக்கிருந்த கூச்சம் பாதி போய்விட்டது. நான் தப்பாகப் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிற தகுதி யாருக்கும் பெரிதாக இல்லை!

வேலைச் சொற்கள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டன. கம்பிக்கு சரியா, ஜல்லிக்கு கிட்டி, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் கியூரிங்குக்கு தராயி, சாந்துக்கு மசாலா. இவை எதுவும் கடையில் விற்கும் இந்திப் புத்தகத்தில் இருக்காது. மிஸ்திரியின் பக்கத்தில் நின்று காது கொடுத்தால் போதும். ஆனால் சொல் தெரிந்துவிட்டால் வேலை நடக்கும் என்று நினைப்பவர்கள் 'ஹாஞ்சி'யை, அதாவது 'ஆமாங்க'வை, இன்னும் பார்க்கவில்லை.

செம்மண்டலம் பக்கம் ஒரு ரூஃப் வேலை. கம்பி கட்டியாகிவிட்டது. கடலோர ஊர், உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் கம்பிக்கு அடியில் கவர் பிளாக், அதாவது கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை, சரியாக வைத்தே ஆக வேண்டும். நல்ல இந்தியில், எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு இடைவெளி என்று எல்லாம் சொன்னேன். "சமஜ் கயே?" (புரிந்ததா?) என்று கேட்டேன். "ஹாஞ்சி சாப்" என்று ஒரே குரலில் பதில். மதியம் மேலே ஏறிப் பார்த்தால் கவர் பிளாக் மூட்டை கட்டு அவிழ்க்காமல் மூலையில் கிடக்கிறது. கம்பி பலகையோடு பலகையாகப் படுத்திருக்கிறது.

கத்தியிருக்கலாம். பக்கத்து சைட்டில் அதுதான் நடக்கும். நான் டீ நேரத்தில் பெரிய மிஸ்திரியைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். அவர் உள்ளங்கையில் கைனிப் புகையிலையையும் சுண்ணாம்பையும் தேய்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். சாப் கேட்கும்போது, அதுவும் நாலு பேர் எதிரில், புரியவில்லை என்று எந்தப் பையனும் சொல்ல மாட்டான். சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் ஒன்று. பெரியவரின் பேச்சுக்கு 'இல்லை' என்று பதில் சொல்வது மரியாதைக் குறைவு என்பது இன்னொன்று. அந்த ஹாஞ்சிக்கு 'நீங்கள் பேசியதைக் கேட்டேன்' என்பதுவரைதான் அர்த்தம்.

யோசித்துப் பார்த்தால் நம் பையன்கள் "சரிங்க சார்" என்று தலையாட்டுவதும் இதே ஜாதிதான். அங்கே முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவோம், இங்கே மொழியில் கவனம் போனதால் முகம் தெரியவில்லை.

அன்றிலிருந்து 'சமஜ் கயே' என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். "கைசே லகாயேங்கே, ஸரா திகாயியே" (எப்படி வைப்பீர்கள், கொஞ்சம் காட்டுங்கள்) என்பேன். ஒன்றை வைத்துக் காட்டச் சொன்னால் புரிந்ததா இல்லையா என்று கையே சொல்லிவிடும். இன்னொன்று, எதையும் முதலில் மிஸ்திரியிடம் சொல்வேன். கேங்கில் பெரும்பாலும் ஒரே ஊர், மாமன் மச்சான், அவர் பொறுப்பில் வந்தவர்கள். அவரைத் தாண்டி நேராகப் பையனிடம் போய் வேலை சொன்னால், வேலையும் நடக்காது, அவருக்கும் மனசு கசந்துபோகும்.

கூப்பிடுகிற விஷயமும் அப்படித்தான். நம்மூரில் "டேய் இங்க வாடா" என்பதில் பாசமும் இருக்கலாம். அதே வேகத்தில் இந்தியில் 'து' என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். வயதானவருக்கு 'ஆப்', பையன்களுக்கு 'தும்', பொதுவாக எல்லாருக்கும் 'பையா', அதாவது அண்ணா. எங்கள் கொத்தனார் ஒருவர் எல்லாரையும் "ஏய் பீகாரி" என்பார். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு அல்ல. ஆனால் டெல்லி போன்ற ஊர்களில் அந்தச் சொல்லை வசவாகவே கேட்டுவிட்டு வந்தவர்கள் இவர்கள். அதை நிறுத்தச் சொன்னேன். அட்டெண்டன்ஸ் நோட்டில் 'இந்தி 1', 'இந்தி 2' என்று இருந்ததை அழித்துவிட்டுப் பெயர்களை எழுதினேன். பெயர் எழுதப்போய்த்தான் ஒவ்வொருவரின் ஊர், ஜில்லா, எத்தனை பிள்ளைகள் என்று பேச்சு நீண்டது. என் இந்தி உண்மையில் வளர்ந்தது அங்கேதான்.

டீக்கடையில் நண்பர்கள் ஓட்டினார்கள், எந்தக் கட்சியில் சேரப் போகிறாய் என்று. 65 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தார் டின் தூக்கியதாகச் சொல்லிக்கொள்ளும் என் பெரியப்பாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். "வேலைக்குன்னா படிடா. எவனாவது படிச்சே ஆகணும்னு சொன்னா மட்டும் எங்கிட்ட வா" என்று முடித்துவிட்டார்.

ரூஃப் போட்ட அன்று எல்லாருக்கும் பிரியாணி போடுவது எங்கள் முதலாளி வழக்கம். ஒருமுறை ரூஃப் செவ்வாய்க்கிழமை அமைந்தது. பாதிப் பேர் பொட்டலத்தைத் தொடவில்லை. முதலாளிக்கு வருத்தம், நம்ம ஊர் சாப்பாடு பிடிக்கவில்லை என்று. செவ்வாய் அனுமனுக்கு உரிய நாள், பலர் கவுச்சி தொட மாட்டார்கள், நம் புரட்டாசி போல அவர்களுக்கு சாவன் மாதமும் உண்டு என்று விளக்கினேன். இப்போது தேதி குறிக்கும்போதே என்னைக் கேட்கிறார். செப்டம்பர் 17 வாக்கில் விஸ்வகர்மா பூஜை வரும், அன்று கொத்துக் கரண்டியைத் தொட மாட்டார்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை, சூரியனைக் கும்பிடும் அவர்களின் பெரிய பண்டிகை. அதற்கு ஊருக்குப் போகிறவரை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. எப்படியும் அந்த நேரம் நமக்கு வடகிழக்குப் பருவமழை. கான்கிரீட் வேலையைத் தள்ளி வைப்பதில் பெரிய நஷ்டம் இல்லை.

கற்றதெல்லாம் உண்மையில் தேவைப்பட்டது 2023 மார்ச்சில். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் வாட்ஸப்பில் பறந்தன. ஒரு காலையில் வேலைக்கு யாரும் இறங்கவில்லை. ஷெட்டில் எல்லார் கையிலும் போன். ஊரிலிருந்து அம்மாக்கள் அழுகிறார்கள். வீடியோக்கள் பொய் என்று தமிழ்நாடு போலீஸ் சொல்லியிருந்தது, பீகார் அரசும் பார்த்துவர அதிகாரிகளை அனுப்பியது. அதை இந்தியில் படித்துக் காட்டினேன். யாரும் தலைகூட ஆட்டவில்லை. பெரிய மிஸ்திரிதான் ஒரு யோசனை சொன்னார், "வீடியோ கால் போடச் சொல்லுங்கள், நீங்களும் கூட உட்காருங்கள்" என்று. உட்கார்ந்தேன். ஒரு பையனின் அம்மா போஜ்புரியில் பேசியதில் கால்வாசிதான் புரிந்தது. "அம்மாஜி பிரணாம், உங்கள் பிள்ளை சாப்பிட்டாச்சு, இதோ பாருங்கள்" என்று தட்டைக் காட்டினேன். சட்டு என்கிற வறுத்த கடலை மாவைக் கரைத்துக் குடித்த சொம்பையும் பையன் காட்டினான். அந்தம்மா சிரித்துவிட்டார். ஹோலி பக்கத்தில் இருந்ததால் சிலர் கிளம்பத்தான் செய்தார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். போனவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்தார்கள்.

புதிதாகக் கற்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முதல் மாதம் புத்தகத்தை விடுங்கள், நோட்டில் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள், மிஸ்திரியோடு டீ குடியுங்கள்.

அந்த ஜார்க்கண்ட் ஆட்கள் இரண்டு பேர் விஷயத்தில்தான் இன்னும் வழி தெரியவில்லை. அவர்களுக்கு இந்தியும் கொஞ்சம்தான், பீகார் கேங்கோடும் அதிகம் ஒட்டுவதில்லை. காலையில் "ஜோஹார்" என்று வணக்கம் சொன்னால் பதிலுக்கு ஜோஹார் வரும். அதற்கு மேல் ஒரு வாக்கியம் கற்றுத்தரக் கேட்டிருக்கிறேன்.