ரேம்ப் வளைவுக்குள் ஓர் ஓடை

சாலை வடிவமைப்பில் பல வருடங்களாக இருக்கிறேன். சிங்கப்பூரில் மேம்பாலச் சந்திப்புகளுக்கு அலைன்மென்ட் போடுவது என் வேலை. இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கும் இடத்தில் எந்த ரேம்ப் (ஒரு சாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இணைப்புச் சாலை) மேலே போக வேண்டும், எது கீழே, எங்கே திரும்ப வேண்டும், எங்கே வந்து சேர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கோடு போடுவோம். பக்கத்தில் ஓர் ஓடையோ சதுப்போ இருந்தால், அது பிழைக்குமா அழியுமா என்பது சைட்டில் எக்ஸ்கவேட்டர் இறங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. ரேம்புக்கு டிசைன் வேகம் எவ்வளவு என்று யாரோ ஒருவர் கணினியில் ஓர் எண்ணைத் தட்டுகிறாரே, அநேகமாக அந்த நிமிடத்தில்.

கணக்கைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றித் திரும்பும் லூப் ரேம்பை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்தால் வளைவின் ஆரம் ஏறக்குறைய 50 மீட்டர் போதும். அதையே 60 ஆக்கினால் ஆரம் 120 மீட்டரைத் தாண்டும். வேகத்தின் வர்க்கத்தோடு ஆரம் கூடுகிறது, ஆரத்தின் வர்க்கத்தோடு வளைவுக்குள் அகப்படும் நிலம் கூடுகிறது. முக்கால் ஹெக்டேருக்குச் சற்று மேல் இருந்த வட்டம் நாலரை ஹெக்டேராகிவிடும். இத்தனை நிலத்தைக் கொடுத்து ஓட்டுநருக்கு என்ன மிச்சம்? சின்ன லூப்பில் முக்கால் வட்டம் சுற்ற 21 விநாடி. பெரிய லூப்பில், வேகம் அதிகமாக இருந்தும், 34 விநாடி, ஏனென்றால் தூரம் அவ்வளவு கூடிவிட்டது. இளம் பொறியாளர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் முதலில் நம்ப மாட்டார்கள்.

சின்ன வளைவுக்கு அதற்கான விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கன்டெய்னர் லாரி வேகத்தைக் குறைக்காமல் நுழைந்தால் கவிழும். அதனால் வேகம் குறைப்பதற்கான தனித் தடம் நீளமாக வேண்டும், எச்சரிக்கைப் பலகைகள் வேண்டும், சாலைப் பாதுகாப்புத் தணிக்கையில் கேள்விகள் வரும். ஆனால் இவையெல்லாம் நம் கையில் இருக்கும் விஷயங்கள். மூடப்பட்ட சதுப்பைத் திரும்பக் கொண்டுவருவது அப்படி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சந்திப்பில் இந்த வாதம் முழுதாக நடந்தது. முதலில் வந்த வரைவில் பெரிய லூப் ஒன்று காட்டை ஒட்டிய மூலையில் விழுந்தது. அந்த மூலையில் சின்ன ஓடை ஒன்றும், அதை ஒட்டி வருடம் முழுக்க ஈரம் காயாத தாழ்வான நிலமும் இருந்தன. எதிர்மூலை, எப்போதோ மண் கொட்டி மேடாக்கிய நிலம். அங்கே மாற்றலாம்தான். ஆனால் அங்கே நிலத்தடியில் உயரழுத்த மின்வடங்கள் போயின. மின்வடத்தை இடம் மாற்ற எத்தனை சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்று ஒரு தாளில் இருந்தது. ஓடை போனால் எவ்வளவு நஷ்டம் என்று எந்தத் தாளிலும் இல்லை. கூட்டத்தில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்?

அப்போது எங்கள் குழுத் தலைவர் ஒரு காரியம் செய்தார். எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குப் பாதுகாப்பு வலயம் வரைகிறோம் அல்லவா, அதேபோல் ஓடைக்கும் ஈரநிலத்துக்கும் இரண்டு பக்கமும் வலயம் வரைந்து, அதைக் காட்டாத எந்த டிராயிங்கும் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதன்பிறகு எல்லோரும் அதைத் தாண்டாமல் கோடு போட முடியுமா என்று தாமாகவே யோசிக்க ஆரம்பித்தார்கள். லூப் சின்னதாகி எதிர்மூலைக்குப் போனது. மின்வடத்தில் ஒரு பகுதியை மட்டும் நகர்த்த வேண்டி வந்தது. பிற்பாடு நாங்கள் செய்த அத்தனை பாதுகாப்பு ஏற்பாடுகளையும் சேர்த்தாலும் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, லூப் போய்விட்டது. ஆனால் நேரான ரேம்ப் ஒன்று அந்தப் பள்ளத்தைக் கடந்தே ஆக வேண்டும். மண்கரை போட்டுக் கடப்பதா, பாலமாகக் கடப்பதா? கரை 8 மீட்டர் உயரம், பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம்) என்றால், சாலையின் அகலம் போக ஒவ்வொரு பக்கமும் இன்னும் 16 மீட்டர் மண்ணுக்கடியில் போகும். தாங்கு சுவர் கட்டினால் அந்தப் 16 மீட்டரும் மிச்சம். ஆனால் சுவரோ கரையோ, இரண்டுமே தண்ணீரின் குறுக்கே நிற்கும்.

இந்த இடத்தில் ஓர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண் பரிசோதனைக்குத் துளை போடும் வேலையின் சூப்பர்வைசர். சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசன ஊர்க்காரர், சிங்கப்பூருக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. எங்கள் சர்வே படத்தில் ஓடை ஒற்றை நீலக் கோடாக இருந்தது, மழை இல்லாத நாளில் எடுத்த சர்வே. நான் அதை வைத்துக்கொண்டு கரையோரம் நின்றிருந்தபோது அவர் சரிவைக் கை காட்டினார். "தம்பி, படத்துல ஓடை அங்க இருக்கு. தண்ணி வர்றது இங்கேருந்து." அங்கே ஓடையே இல்லை. உதிர்ந்த இலைதான் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது, பெரணிச் செடிகள் அடர்ந்திருந்தன. அவர் பூட்ஸ் முனையால் இலையை ஒதுக்கினார். அடியில் மண் பளபளவென்று ஈரமாக இருந்தது. குழிந்த இடத்தில் தெளிந்த நீர் மெல்ல ஊறி வந்து நின்றது. "வரத்தை அடைச்சிட்டுக் கண்மாயை மட்டும் வச்சிருந்து என்ன பண்றது?" என்றார்.

உயிரியல் ஆலோசகரிடம் இதைச் சொன்னோம். நீர்மட்டம் பார்க்கும் பீசோமீட்டர் குழாய்கள் இரண்டை அந்தச் சரிவில் கூடுதலாக இறக்கினார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து வந்த அளவீடுகள் அண்ணன் சொன்னதையே சொல்லின. ஓடையில் ஓடும் நீரின் பெரும்பகுதி அந்தச் சரிவின் ஊற்றுக்கசிவுதான். நாங்கள் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே என்று நினைத்துக் கரை போட வைத்திருந்த இடம் அதுவேதான். அந்தப் பகுதியையும் பாலமாக்கினோம். பாலம் தேவைப்படாத இறுதிப் பகுதியில் கரைக்கு அடியில் பெரிய கற்களால் ஒரு படுகை போட்டோம், கசிவு அதன் வழியே மறுபக்கம் போகட்டும் என்று. கரை அடைத்துக்கொண்டால் மேல்பக்கம் நீர் தேங்கி மரங்கள் அழுகும், கீழ்ப்பக்கம் காய்ந்துபோகும். ஊரில் கண்மாய் வரத்தில் வீடு கட்டுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஓடையின் ஓரத்தில்தான் நன்னீர் நண்டு ஒன்றை அருகில் பார்த்தேன். ஆலோசகர் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டினார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, மண் நிறம். அசையவே இல்லை. பார்த்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த விதத்திலேயே வைத்தார். என்ன இனம் என்று உறுதியாகும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்றார். பரவலாகக் காணப்படும் இனம்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அவர் ஏன் அவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்குக் காரணம் உண்டு. இந்தத் தீவில் மட்டுமே வாழும் நன்னீர் நண்டுகள் மூன்று இனம் இருக்கின்றன. அதில் ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்ற நண்டு அறிவியல் உலகுக்கு அறிமுகமானதே 1986இல்தான். அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். இன்னொன்று நீ சூன் சதுப்புக் காட்டில் மட்டும் இருப்பது. சிங்கப்பூரில் மிஞ்சியிருக்கும் கடைசி நன்னீர்ச் சதுப்புக் காடு அது. இப்படிப்பட்ட உயிர்களுக்கு ஒரு சின்ன ஓடைதான் மொத்த நாடும்.

அதே 1986இலிருந்துதான் புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமா காட்டையும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதற்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மரஞ்செடிகளோடு விலங்குப் பாலம் கட்டி முடித்தது 2013இல். அந்தப் பாலத்தை நான் மதிக்கிறேன், அழுங்குகள் (எறும்புத்தின்னிகள்) அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் இருபத்தேழு ஆண்டு இடைவெளி! அதோடு, அழுங்கு ஏறும் பாலத்தில் மீன் ஏறாது. நீரைப் பொறுத்தவரை, சாலை போடும்போதே வழிவிட்டால்தான் உண்டு. லோர்னி ஹைவே புக்கிட் பிரௌன் கல்லறையைக் கடந்து போவதைப் பற்றி எத்தனையோ வருத்தங்கள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. இருந்தாலும் அதன் ஒரு பகுதியை மண் நிரப்பிப் போடாமல் ஓடைகளுக்கு மேலே பாலமாகக் கட்டியது சரியான முடிவு.

அமெரிக்காவில் நெடுஞ்சாலை வடிவமைப்பவர்களுக்கு எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசை சட்டமாகவே இருக்கிறது. அங்கே தூய நீர்ச் சட்டத்தின் 404ஆவது பிரிவின்படி, அச்சட்டத்துக்குள் வரும் ஈரநிலத்திலோ ஓடையிலோ மண் நிரப்ப ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். நடைமுறைக்கு ஒத்துவரும் வழிகளில் நீருக்குக் குறைந்த கேடு செய்வது எதுவோ, அதற்குத்தான் அனுமதி. 1990இல் அந்தப் படையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் செய்துகொண்ட உடன்பாடு வரிசையைத் தெளிவாக்கியது: முதலில் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாததைக் குறைக்க வேண்டும், மிச்சத்துக்குத்தான் வேறோர் இடத்தில் ஈடு செய்யலாம். சிங்கப்பூரில் ஈரநிலத்துக்கென்று அப்படித் தனி அனுமதிச் சட்டம் கிடையாது. இயற்கை வளமுள்ள இடங்களுக்கு அருகே வரும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கேட்கிறார்கள், அதன் நிபந்தனைகளுக்குள் நாம் வேலை செய்கிறோம். ஆனால் அந்த வரிசையின் மூன்றாவது படி இங்கே பெரும்பாலும் இல்லவே இல்லை. நிலப்பரப்பில் 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொண்டிருக்கும் நாட்டில் ஈடு செய்ய இடத்துக்கு எங்கே போவது? அதனால் முதல் படி அமெரிக்கர்களுக்கு இருப்பதைவிட நமக்கு முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

குறைப்பது என்றால் எந்த அளவுக்குப் போகலாம் என்பதற்குக் குறுக்குத் தீவு ரயில் பாதை நல்ல உதாரணம். நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு அடியில் 70 மீட்டர் ஆழத்தில் போகப்போகும் சுரங்கம். அதற்கான மண் பரிசோதனைத் துளைகளையே 72இலிருந்து 16ஆகக் குறைத்தார்கள். ஆய்வு செய்யப் போவதும் காட்டுக்கு ஒரு காயம்தான் என்று ஏற்றுக்கொண்டதன் விளைவு அது. எங்கள் திட்டத்திலும் துளை போடும் இயந்திரம் போகும் வழியைச் சூப்பர்வைசர் அண்ணனும் ஆலோசகரும் சேர்ந்து நடந்து பார்த்து, பழைய ஒற்றையடிப் பாதை வழியாகவே அமைத்தார்கள்.

பாலம் என்று முடிவானபின் வரும் விஷயங்கள் சின்னவை, ஆனால் விட்டால் போச்சு. தூண்கள் ஓடையின் படுகையில் விழாதபடி ஸ்பேனை, அதாவது தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியை, நீட்ட வேண்டும். பாலத்தளத்தின் மழைநீரை நேராகக் கீழே கொட்டவிடாமல் குழாயில் எடுத்துப்போக வேண்டும், ஏனென்றால் டயர் துகளும் எண்ணெயும் அதில்தான் வரும். இரண்டு திசைத் தளங்களுக்கும் நடுவே இடைவெளி விட்டால் கீழே கொஞ்சம் வெளிச்சமும் மழையும் இறங்கும். கிளை ஓடைக்குப் பாக்ஸ் கல்வெர்ட் (சாலைக்கு அடியில் நீர் போகும் பெட்டி வடிவக் கால்வாய்) போட்டோம். ஆனால் அதன் தரையை ஓடைப் படுகைக்குக் கீழே இறக்கி, உள்ளே இயற்கையான மணலும் கல்லும் தங்கும்படி செய்தோம். வெளிவாயில் படுகையைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டால்கூடப் போதும், சின்ன மீன்களுக்கு அது ஏற முடியாத சுவர்.

எனக்கு அதிகம் கவலை தருவது தற்காலிக வேலைகள். நிரந்தரப் பாலத்தை இவ்வளவு பார்த்துக் கட்டிவிட்டு, கிரேன் நிற்க ஒரு மேடை, லாரி போக ஒரு பாதை என்று கான்ட்ராக்டர் சதுப்பில் மண்ணைக் கொட்டினால் எல்லாம் வீண். டெண்டர் டிராயிங்கில் அந்த வலயத்துக்குள் தற்காலிக வேலையும் கூடாது என்று எழுதினால்தான் அவர் அதற்கேற்ப விலை போடுவார். பிறகு போய்க் கேட்டால் கூடுதல் பணம் கேட்பார், அது அவர் தவறும் இல்லை. சிங்கப்பூரில் கட்டுமான இடத்திலிருந்து வடிகாலுக்குப் போகும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண் கலந்திருக்கக் கூடாது என்பது விதி. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து ஒரு மழை அடித்தால், திறந்து கிடக்கும் செம்மண் சரிவிலிருந்து வரும் கலங்கலில் அந்த அளவைக் காப்பது பெரும்பாடு. கலங்கலைத் தடுக்கும் துணி வேலி மட்டும் போதாது. சரிவை உடனுக்குடன் மூடுவதும், ஒரே நேரத்தில் நிறைய இடத்தைத் திறக்காமல் இருப்பதும்தான் உண்மையில் உதவுகின்றன.

சந்திப்பு திறந்து வண்டிகள் ஓடுகின்றன. பீசோமீட்டர் குழாய்களை வேலை முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டாம், இன்னும் சில வருடங்கள் அளக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கல் படுகை அடைத்துக்கொள்கிறதா, சரிவின் நீர்மட்டம் மெல்ல இறங்குகிறதா என்பதெல்லாம் கட்டுமானக் காலத்துக்குள் தெரியாது. அளக்கும் செலவு சாலைக் கணக்கில் வருமா, வடிகால் கணக்கில் வருமா என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை குழாய்களின் மூடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பிடுங்கவில்லை.