வாழைக்கு எதிரே மூன்று: லூசீன் ஃபேசட் தேடலைச் சரிசெய்த அனுபவம்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து உழவர் குழு ஒன்று, தன் உறுப்பினர் பட்டியலை இணையத்தில் தேடும்படி அமைத்துத் தரச் சொன்னது. திருவட்டாறு தாலுகாவில் மட்டி வாழை வைத்திருப்பவர்கள் யார் என்று ஒரு வியாபாரி பார்க்க வேண்டும்; பக்கவாட்டில் பயிர்வாரியாக, தாலுகாவாரியாக எத்தனை பேர் என்ற எண்ணும் தெரிய வேண்டும். ஃபேசட் தேடல் என்பது இதுதான். ஜாவா மொழியில் உள்ள லூசீன் தேடல் நூலகத்தை எடுத்துக்கொண்டேன். அதில் வகைகளின் பெயர்களைத் தனி இன்டெக்ஸில் (தேடலுக்கான அட்டவணையில்) வைத்துக்கொள்ளும் டாக்ஸானமி முறைதான் இதற்குப் பொருத்தமாகப் பட்டது.

முதல் பிழை உடனே வந்தது. நம் பக்கத்தில் ஒரு விளையில் ஒரே பயிர் என்பது அபூர்வம். தென்னைக்கு நடுவே வாழை நிற்கும், மரத்தில் மிளகு படர்ந்திருக்கும். மலையோரத்தில் ரப்பரும் கிராம்பும் சேர்ந்துகொள்ளும். ஒரே ஆவணத்தில், அதாவது ஓர் உறுப்பினரின் பதிவில், ‘பயிர்’ இரண்டாம் முறை வந்ததும் லூசீன் நின்றுவிட்டது: இந்த வகை பல மதிப்பு உடையது என்று அறிவிக்கப்படவில்லை, ஆனால் ஒருமுறைக்கு மேல் வருகிறது என்றது. வாழைக்குக் கீழே மட்டி, செவ்வாழை, ஏத்தன் என்று ரகம் பிரித்தபோது, இது அடுக்கு வகை அல்லவே என்று மறுபடி நின்றது. முன்னதற்கு செட்மல்டிவேல்யூட், பின்னதற்கு செட்ஹைரார்க்கிக்கல். வகைகளின் தன்மையை அறிவிக்கும் ஃபேசட்ஸ்கான்ஃபிக்கில் இரண்டு வரி சேர்த்தால் தீர்ந்தது. எந்த வகையில் கோளாறு என்று பெயரைச் சொல்லியே நிறுத்துகிற இத்தகைய பிழைகளுக்கு நான் நன்றி சொல்வேன்.

உண்மையான தலைவலி பிழையே காட்டாமல் வந்தது. இன்டெக்ஸ் ஏறியது, தேடல் ஓடியது, எண்களும் வந்தன. ஆனால் மொத்த உறுப்பினர்களைவிட வாழை பயிரிடுபவர்களின் எண்ணிக்கை அதிகமாக இருந்தது. முழுப் பட்டியலையும் ஒதுக்கிவைத்துவிட்டு, மட்டியும் செவ்வாழையும் வைத்திருக்கும் ஒரே ஒரு விவசாயியை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். மட்டி 1, செவ்வாழை 1, சரி. வாழைக்கு எதிரே 3! ஆளே ஒருவர்தான், எண் மட்டும் மூன்று.

காரணம் இது. பல மதிப்பும் அடுக்கும் உள்ள வகையென்றால், லூசீன் ஆவணத்தை ஏற்றும்போதே மேலடுக்கையும் சேர்த்து எழுதிவிடும். மட்டி, செவ்வாழை இரண்டுக்கும் பொதுவான ‘வாழை’ ஒருமுறைதான் பதிவாகும். அடுக்கு உண்டு, ஆனால் பல மதிப்பு இல்லை என்றால் மேலடுக்கை எழுதாது. தேடும் நேரத்தில் கீழே உள்ளவற்றைக் கூட்டி மேலே ஏற்றும். எங்கள் திட்டத்தில் ஏற்றும் நிரலும் தேடும் நிரலும் தனித்தனி. ஏற்றும் நிரலில் இரண்டு அறிவிப்பும் இருந்தன. தேடும் நிரலில் அடுக்கு அறிவிப்பு மட்டுமே. ஆகவே ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த 1-உடன், கீழிருந்து வந்த 2-உம் கூடிவிட்டது.

ஃபேசட்ஸ்கான்ஃபிக்கில் உள்ள இந்த அறிவிப்புகள் இன்டெக்ஸுக்குள் சேமிக்கப்படுவதில்லை. இருபுறமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு என்று லூசீனின் விளக்கக் குறிப்புகளிலேயே எழுதியிருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த வரியை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். வகை அறிவிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கிளாஸில் வைத்து, இரண்டு நிரல்களும் அதையே எடுக்கும்படி மாற்றினேன். வாழைக்கு எதிரே 1 வந்தது. ‘பயிர்’ என்ற தலைப்புக்கான மொத்தம் மட்டும் -1 என்று வந்துகொண்டிருந்தது. அது கோளாறு அல்ல. பல மதிப்புள்ள வகைக்கு மொத்தம் வேண்டுமென்றால் செட்ரிக்வயர்டிம்கவுண்ட் என்று தனியாகக் கேட்டு, மறுபடி ஏற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று குழுவுக்குக் காட்டினால், அங்கிருந்த மூத்த அண்ணாச்சி ஒருவர், “தம்பி, தோவாளை ஏன் இரண்டு இடத்தில் நிற்கிறது?” என்று கேட்டார். பார்த்தால் ஒரே எழுத்து, ஒரே பெயர், இரண்டு வரி, இரண்டு எண்ணிக்கை. ‘தோ’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் அடுத்தடுத்து வரும்படியும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும் உரையை, அதைச் சொற்களாகப் பிரிக்கும் பகுப்பாய்வி பார்த்துக்கொள்ளலாம்; ஃபேசட் பெயர்கள் அந்த வழியே போவதில்லை, கொடுத்தபடியே பதிவாகும். ஜாவாவின் நார்மலைசரில், இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, முன்பின் இடைவெளியை வெட்டிய பிறகே பெயரை ஏற்றும்படி செய்தேன். தமிழ்த் தரவு வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. ஏத்தனும் நேந்திரனும் ஒன்று என்பது போன்றவற்றை எந்த நார்மலைசரும் அறியாது. அதற்குக் குழுவினருடன் உட்கார்ந்து ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்தோம்.

திருத்தியபின் இன்டெக்ஸ், டாக்ஸானமி இரண்டையும் சேர்த்தே அழித்துப் புதிதாக ஏற்றினேன். எண்ணிக்கைக்காக ஆவணத்தில் பதிவாவது வகையின் எண் மட்டுமே. பெயர் டாக்ஸானமியில் இருக்கிறது. டாக்ஸானமியை மட்டும் புதிதாக்கினால் பழைய எண்ணுக்கு வேறு பெயர் வந்து நிற்கலாம். கமிட் செய்யும்போதும் (மாற்றங்களை உறுதியாகச் சேமிக்கும்போதும்) டாக்ஸானமி முதலில், இன்டெக்ஸ் பிறகு. மட்டியும் செவ்வாழையும் வைத்திருக்கும் அந்த ஒற்றை விவசாயியை இப்போது சோதனைத் தரவாக வைத்திருக்கிறேன். வாழைக்கு எதிரே 1 வராவிட்டால் புதிய பதிப்பு சர்வருக்குப் போகாது.