அந்த 1.5 எங்கிருந்து வருகிறது?

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டேன். முடிவு நேற்றுதான் வந்தது. கோளக் கொத்துகளின் (பந்துபோல் நெருக்கமாகத் திரண்ட விண்மீன் கூட்டங்களின்) மங்கலான எக்ஸ் கதிர் மூலங்களைச் சிறப்புப் பாடமாக எடுப்பவர்களுக்காக, பட்டது மறப்பதற்குள் இதை எழுதுகிறேன்.

முதல்முறை போகும்போது வரலாற்றைக் கரைத்துக் குடித்திருந்தேன். ஐன்ஸ்டைன் செயற்கைக்கோளின் தரவைக் கொண்டு ஹெர்ட்ஸும் கிரிண்ட்லேயும் 1983இல் இந்த மங்கலான மூலங்களைத் தனித்துக் காட்டியதையும், 1999இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி 47 டுகானே என்ற கொத்தின் நடுப்பகுதியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மூலங்களைப் பிரித்தறிந்ததையும் தடங்கலின்றிச் சொன்னேன். மூலங்களின் எண்ணிக்கை விண்மீன்கள் நெருங்கிச் சந்திக்கும் வீதத்தோடு கூடுகிறது என்றும், அவ்வீதம் மைய அடர்த்தியின் 1.5 அடுக்கையும் மைய ஆரத்தின் இருமடியையும் பெருக்கியதற்கு நேர்விகிதம் என்றும் ஒப்பித்தேன். "அந்த 1.5 எங்கிருந்து வருகிறது?" என்று தேர்வாளர் கேட்டார். சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றேன். ஒரு வரிகூட எழுத வரவில்லை.

எழுத வேண்டியிருந்தது நான்கே வரி. சந்திப்புக்கு இருவர் வேண்டும், எனவே அடர்த்தியின் இருமடி. மையத்தின் கனவளவுக்காக ஆரத்தின் மும்மடி. ஈர்ப்பு பாதைகளை வளைத்து நெருக்குவதால் மெதுவாகச் செல்பவையே எளிதில் அகப்படும், ஆகவே வேகத்தால் வகுக்க வேண்டும். அந்த வேகமோ ஆரத்தையும் அடர்த்தியின் வர்க்கமூலத்தையும் பெருக்கியதற்கு நேர்விகிதம். வகுத்தால் 1.5 தானாக வந்து நிற்கும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதைப் பத்து முறையாவது எழுதிப் பாருங்கள். வேறு எதைப் படிக்காமல் விட்டாலும் இதை விடாதீர்கள்.

மற்றவை:

- ஒளிர்வை மட்டும் பார்த்து வகையைச் சொல்லாதீர்கள். நொடிக்கு 10³² எர்க்குக்கு மேல் மென்கதிராக (ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிராக) இருந்தால், அடங்கிய நிலையிலுள்ள, அதாவது பொருளை விழுங்குவது தணிந்துள்ள, நியூட்ரான் விண்மீன் இரட்டையை முதலில் நினையுங்கள். கதிர் கடினமாக (ஆற்றல் மிகுந்ததாக) இருந்தால், துணையிடமிருந்து பொருளை இழுக்கும் வெண்குறுமீனை நினையுங்கள்.
- 10³¹க்குக் கீழே மில்லிநொடிப் பல்சார்களும் (சில மில்லிநொடிக்கு ஒருமுறை சுழலும் நியூட்ரான் விண்மீன்களும்) காந்தச் செயல்பாடு மிகுந்த இரட்டை விண்மீன்களும் கலந்து கிடக்கும். ரேடியோ, ஹபிள் தரவுகளின் துணையைக் குறிப்பிடுங்கள்.
- எக்ஸ் கதிர் மூலத்துக்கு இணையான விண்மீனை ஹபிள் படத்தில் தேடுமுன் இரு படங்களின் ஆயங்களையும் (வான இட அளவுகளையும்) பொருத்த வேண்டும். நெரிசலான மையத்தில் ஒரு வில்நொடி (பாகையில் 3600இல் ஒரு பங்கு) பிசகினாலும் வேறொரு விண்மீனைச் சுட்டிவிடுவோம்.

இரண்டாம் முறை, மையம் சரிந்த (மையப்பகுதி ஈர்ப்பால் உட்சுருங்கிய) கோளக் கொத்தான என்ஜிசி 6397இல் சந்திப்பு வீதத்தின்படி எதிர்பார்ப்பதைவிட மூலங்கள் மிகுந்திருப்பது ஏன் என்று கேட்டார்கள். நான் முதலில் அந்த நான்கு வரிகளையும் பலகையில் எழுதினேன்; பிறகு, இந்த வாய்பாடு இன்றைய மையத்தை மட்டுமே அளக்கிறது, கொத்து கடந்துவந்த காலத்தையோ இழந்த விண்மீன்களையோ கணக்கில் கொள்வதில்லை என்று மூன்றாம் வரிக்குப் பக்கத்தில் குறித்துக் காட்டினேன். தேர்வாளர் அடுத்த கேள்விக்குச் சென்றார்.