யோபுவின் கதை கேட்டவர்

புனித தேவசகாயத்தைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குத்தான் போவார்கள். அம்மாவும் நானும் தக்கலைக்குப் பக்கத்து உதயகிரிக் கோட்டையில் தொடங்கினோம். கோட்டை இப்போது வனத்துறைப் பூங்கா. மான் பார்க்க வரும் கூட்டத்தைத் தாண்டி நடந்தால், இடிந்த சிற்றாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். இறந்தது 1777.

டிலனாய் டச்சுப் படைத்தலைவர். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் கைதியானார். பிறகு அதே திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். பின்னாளில் தேவசகாயம் ஆன நீலகண்டர், நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர், அப்போது அரண்மனை அலுவலர். நிலம், பதவி, குடும்பப் பெருமை எல்லாம் இருந்தது. மாடுகள் செத்து, விளைச்சல் கெட்டு, இழப்புமேல் இழப்பு வந்தபோது அவர் மனம்விட்டுப் பேசியது டிலனாயிடம். டிலனாய் சொன்னது, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் மனிதர் யோபுவின் கதை.

சொன்னவர் யார் என்று பாருங்கள். நாடும் கப்பலும் ஊர் திரும்பும் வழியும் போன மனிதர். வசதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் சொல்லியிருந்தால் அந்தக் கதை எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பும். பிரசங்கங்களில் நாம் ஆவலோடு காத்திருப்பதும் அந்த இடத்துக்குத்தான். நீலகண்டருக்கு எதுவும் திரும்பவில்லை. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்; மிச்சமிருந்ததும் அதற்கப்புறம் போனது. 1749இல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தண்டனைக்கு என்ன காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு. விசுவாசத்தை விட்டிருந்தால் பதவி திரும்பியிருக்கும் என்பது எங்கள் மரபு சொல்வது.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. தாகத்தில் அவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்த இடம் என்பார்கள். அம்மா அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காற்றாடிமலையில் பேர் சொல்கிற மாதிரியே காற்று. கணவாய் வழியே அடிக்கிற அடியில் அம்மாவின் முக்காடு நிற்கவே இல்லை. கீழே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டது இங்கேதான். அவர் முழங்காலிட்ட தடம் என்று காட்டும் பாறையருகே ஜெபித்தோம். கல்லால் தட்டினால் மணிபோல ஒலிக்கிற பாறையும் இருக்கிறது. பிள்ளைகள் தட்டிக்கொண்டே இருக்க, யாரும் அதட்டவில்லை.

கடைசியாகக் கோட்டாறு சவேரியார் கோயில். கல்லறை அங்கே. 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' பட்டத்தை வத்திக்கான் முன்பே எடுத்துவிட்டிருந்தது. அது பலருக்கு இன்னும் கசக்கிறது. பேச்சில் சேர்த்தேதான் சொல்கிறார்கள். நிலமும் பதவியும் போனால் தாங்கிக்கொள்கிற வீடுகள்கூட சாதி என்கிற பிடிமானத்தை லேசில் விடுவதில்லை. அவரோ விலக்கி வைக்கப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகியவர்.

கல்லறை முன்னால் நின்று எல்லாரும் கேட்பது பெரும்பாலும் அவர் விட்டவற்றைத்தான்: அரசு வேலை, வீடு, விசா.

"என்னம்மா வேண்டிக்கிட்டே?"

"தம்பிக்கு வேலை நிரந்தரமாகணும்னு."

"அரண்மனை வேலையை விட்டவர்கிட்ட போய் வேலையா கேக்கிற?"

"அது போனா எப்படி இருக்கும்னு அவருக்குத்தானே தெரியும்" என்றார் அம்மா.

பதில் சொல்லத் தெரியவில்லை. நான் திரும்ப முழங்காலிட்டு, தம்பிக்கு அது கிடைக்காமல் போனாலும் எங்கள் வீட்டில் யாரும் ஆண்டவரோடு கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டினேன்.