தினமும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு

மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு வேலைக்குப் போக எனக்குச் சைக்கிள்தான். பாலம் மட்டுமே 2 கிலோமீட்டருக்கு மேல். திரும்பும்போது கச்சான் காற்று, அதாவது மேற்குக் காற்று, எதிரே அடித்தால் உடம்பெல்லாம் வியர்வை. பருத்தி ஜட்டி அதைக் குடித்துவிட்டுக் காயவே காயாது. ஈரத் தையல் தொடை இடுக்கில் உரசி, போன மாதம் தோலே உரிந்துவிட்டது. இரண்டு நாள் பஸ்ஸில்தான் போனேன்.

அப்புறம் வேறு மாதிரி ஜட்டிக்கு மாற்றினேன். பாதித் தொடை வரை கால் இறங்கும், நைலானும் இழுபடும் ஸ்பாண்டெக்ஸும் கலந்த துணி. வாங்கும்போது உள்ளே கையை விட்டு, சீட்டில் அழுந்துகிற இடத்தில் தையல் விரலில் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் வேண்டவே வேண்டாம். சீட்டில் உட்காரும் இடத்தில் பேட் (மெத்தை) வைத்த சைக்கிள் டிரவுசர் என்றால் உள்ளே ஜட்டியே தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். வியர்வை உப்பு காய்ந்தால் மறுநாள் அதுவே அறுக்கும்.