பன்னிரண்டு வாரமும் ஒரு நீள நோட்டும்: என்பிடெல் படிப்பை முடித்த அனுபவம்

கோவில்பட்டிக்கு அருகே ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் இரண்டாம் தொகுதியில் கடைசி அத்தியாயம் நிகழ்தகவு. 2018-இல் புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து ஆண்டுதோறும் அதை நடத்தி வருகிறேன். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விளைவு தெரிந்த பிறகு அது எந்த வழியாக வந்திருக்கும் என்பதன் வாய்ப்பைக் கணக்கிடும் பேய்ஸ் தேற்றத்தில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்தபோது, இரண்டாவது பெஞ்சில் இருந்த மாணவி எழுந்து, "டீச்சர், கீழ எதுக்கு எல்லாத்தையும் கூட்டி வகுக்கிறோம்?" என்று கேட்டாள். சூத்திரம் அப்படித்தான் இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. மணி அடித்ததால் பேச்சு அதோடு நின்றது. கேள்வி என்னை விடவில்லை. அந்த ஆண்டு ஜூலையில், நிகழ்தகவும் புள்ளியியலும் சேர்ந்த பன்னிரண்டு வார என்பிடெல் இணையவழிப் படிப்பு ஒன்றில் நான் சேர்ந்ததற்கு அதுவே காரணம். வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே இப்படிப் படிக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, சேர்ந்த நாள் முதல் சான்றிதழ் வந்த நாள் வரை நடந்ததை எழுதுகிறேன்.

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஒன்றிய அரசின் நிதியில் 2003-இல் தொடங்கிய திட்டம் என்பிடெல். முதலில் விரிவுரைகளை இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். 2014 முதல் தேர்வு வைத்துச் சான்றிதழும் தருகிறார்கள். இப்போது இந்தப் படிப்புகள் 2017-இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் என்ற ஒன்றிய அரசின் இணையவழிப் படிப்புத் தளத்தின் வழியாக நடக்கின்றன. சேர்வதற்கும், காணொளி பார்ப்பதற்கும், அசைன்மென்ட் எழுதுவதற்கும் கட்டணம் எதுவும் இல்லை. தேர்வு எழுதுவதற்கு மட்டும் நான் கட்டியது 1,000 ரூபாய். பன்னிரண்டு அசைன்மென்ட்களில் சிறந்த எட்டின் சராசரி 25 மதிப்பெண்ணாகவும், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு 75 மதிப்பெண்ணாகவும் கணக்கிடப்படுகின்றன. முதலாவதில் 10-ம் இரண்டாவதில் 30-ம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். சேருவதற்கு முன்பே இந்த விதியை ஒரு தாளில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தேன். பின்னால் மனம் தளர்ந்த ஒரு வாரத்தில் அந்தத் தாள்தான் என்னைத் தாங்கியது.

முதல் தவறு முதல் வாரத்திலேயே நடந்தது. என் கைப்பேசியில் என் மின்னஞ்சல் கணக்கோடு கல்லூரியில் படிக்கும் என் மகளின் கணக்கும் திறந்திருந்தது. நான் சேர்ந்தது என் கணக்கில். முதல் வார அசைன்மென்ட்டை அனுப்பியபோது திறந்திருந்ததோ அவள் கணக்கு. தளம் அவளையும் படிப்பில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறது; நானும் கவனிக்காமல் சம்மதம் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் வாரம் மதிப்பெண் பக்கத்தைத் திறந்தபோது முதல் வாரத்துக்கு நேரே எதுவும் இல்லை. கெடு முடிந்திருந்ததால் அந்த மதிப்பெண் போனது போனதுதான். சேர்ந்த மின்னஞ்சலிலிருந்தேதான் தேர்வுக்கும் பதிவு செய்ய வேண்டும் என்பதால், இந்தக் குழப்பம் பத்தாவது வாரம்வரை நீடித்திருந்தால் முழு உழைப்பும் வீணாகியிருக்கும். புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாளிலேயே திரையின் மேல்மூலையில் யாருடைய படம் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரக் காணொளி வந்தது. பேராசிரியரின் ஆங்கிலம் தெளிவாக இருந்தாலும் வேகம் எனக்குப் புதிது. எனவே முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்டேன். இரவு எட்டரைக்குப் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தால் ஒன்பதரைக்குள் ஒரு காணொளி முடியும். முதல் நான்கு வாரமும் பார்ப்பது, தலையசைப்பது, அசைன்மென்ட்டைத் திறப்பது, விடை தெரியாத இடத்தில் காணொளியை மறுபடி ஓட்டி அதே போன்ற கணக்கைத் தேடிப் பிடிப்பது என்றுதான் போனது. மதிப்பெண்ணும் தொண்ணூறுக்குக் குறையாமல் வந்தது. நன்றாகப் படிக்கிறேன் என்று உண்மையிலேயே நம்பினேன்.

ஐந்தாம் வாரப் பாடம் சார்புநிலை நிகழ்தகவு, அதாவது ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு இன்னொன்றின் வாய்ப்பைக் கணக்கிடுவது. அந்த மாணவி கேட்ட கேள்வியின் இடமே அதுதான். அசைன்மென்ட்டில் இருந்த கணக்குகள் காணொளியில் இருந்தவற்றைப் போல இல்லை. தேடிப் பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை. நூற்றுக்கு நாற்பது வந்தது. அன்று இரவு நோட்டைத் திறந்து பார்த்தேன். ஐந்து வாரத்துக்கும் சேர்த்து மூன்றே பக்கங்கள் எழுதியிருந்தேன், அவையும் திரையில் இருந்த சூத்திரங்களின் நகல்கள்.

அப்போது எனக்கு 2020-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19 அன்று பள்ளி திறக்கும்வரை, நாங்கள் பாடம் நடத்தியது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான். கல்வித் தொலைக்காட்சியில் வந்த பாடங்களின் நேரத்தையும், புத்தகத்தில் அச்சிட்டிருந்த கியூஆர் குறியீடு வழியாகத் திறக்கும் காணொளிகளையும் அனுப்புவேன். "பார்த்துட்டேன் டீச்சர்" என்று பதில் வரும். வந்த பதில்களை எண்ணி வருகைப் பதிவுபோல எழுதி வைத்தேன். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா தீப்பெட்டி ஆலையிலிருந்து திரும்பிய பிறகுதான் கைக்கு வரும் என்ற நிலையில் பல பிள்ளைகள் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காக அன்றே வருந்தினேன். ஆனால், காணொளியை முழுதாகப் பார்த்து முடித்த பிள்ளைக்கும் பாடம் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம் என்பது நானே அந்த இடத்தில் உட்கார்ந்து நாற்பது வாங்கிய அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆறாம் வாரத்திலிருந்து முறையை மாற்றினேன். பள்ளி ஸ்டோரில் நூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்கினேன். பேராசிரியர் கணக்கை வாசித்து முடித்ததும் காணொளியை நிறுத்திவிடுவேன். விடை வருகிறதோ இல்லையோ, பத்து நிமிடம் நானே போட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி ஓட்டுவேன். அரை மணி நேரக் காணொளிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதனால் எல்லாக் காணொளிகளையும் இப்படிப் பார்க்க முடியவில்லை. கணக்கு அதிகம் உள்ளவற்றை மட்டும் தேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு காணொளிக்கும் ஒரு கணக்கை நானே தமிழில், எங்கள் ஊர் விஷயத்தை வைத்து எழுதிப் பார்ப்பது என்றும் முடிவு செய்தேன்.

அப்படி எழுதிய முதல் கணக்கு இது. ஒரு தீப்பெட்டி ஆலையில் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. நாளில் 1,000 பெட்டிகள் வந்தால் 600 முதல் இயந்திரத்திலிருந்தும் 400 இரண்டாவதிலிருந்தும் வருகின்றன. முதலாவது இயந்திரத்தின் பெட்டிகளில் நூற்றுக்கு 2 பழுது. இரண்டாவதில் நூற்றுக்கு 5. கையில் எடுத்த பெட்டி பழுதாக இருக்கிறது. அது இரண்டாவது இயந்திரத்தில் செய்ததாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? சூத்திரத்தை மறந்துவிட்டுப் பெட்டிகளை எண்ணினேன். 600-இல் பழுது 12. 400-இல் பழுது 20. ஆக மொத்தம் பழுதான பெட்டிகள் 32. என் கையில் இருப்பது அந்த 32-இல் ஒன்று. அவற்றில் இரண்டாவது இயந்திரத்தின் பெட்டிகள் 20. எனவே விடை 32-இல் 20, அதாவது எட்டில் ஐந்து. பழுது என்று தெரிந்த நொடியிலேயே நல்ல பெட்டிகள் 968-ம் கணக்கிலிருந்து விலகிவிட்டன. மிச்சம் இருப்பவற்றை, அவை எந்த வழியாக வந்திருந்தாலும், மொத்தமாகச் சேர்த்து எண்ணுவதற்குத்தான் கீழே கூட்டுகிறோம். இருபது ஆண்டுக்கு மேல் கணிதம் நடத்தியவள் அன்றுதான் அந்த வகுத்தியைக் கண்ணால் கண்டேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. விடைத்தாள் கட்டுகள் ஒரு பக்கம், எட்டாம் ஒன்பதாம் வார அசைன்மென்ட்கள் ஒரு பக்கம். கெடு புதன்கிழமை நள்ளிரவு என்பதால் புதன் இரவே உட்காரும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. ஒன்பதாம் வாரம் அன்று பார்த்து மின்சாரம் போய், மோடம் அணைந்து, கைப்பேசியின் நெட்டில் பக்கம் திறப்பதற்குள் பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. கெடு முடிவதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் விடையை மாற்றி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதே எடுத்துக்கொள்ளப்படும் என்ற வசதியை அதன் பிறகுதான் பயன்படுத்தினேன். ஞாயிறன்றே தெரிந்தவரை அனுப்பிவிடுவேன். ஐயமுள்ள இரண்டு மூன்று விடைகளைப் புதன்வரை யோசித்துத் திருத்துவேன்.

தேர்வுப் பதிவும் அந்த மாதத்தில்தான். நம்மவர்களுக்கு, குறிப்பாகத் திருமணமான பெண்களுக்கு, இதில் ஒரு சிக்கல் உண்டு. என் பட்டச் சான்றிதழில் இருப்பது அப்பாவின் முதலெழுத்து. ஆதாரில் இருப்பது கணவரின் முதலெழுத்து. விண்ணப்பத்தில் நாம் எழுதும் பெயரே சான்றிதழில் அச்சாகும். மையத்தில் காட்டும் அடையாள அட்டையோடும் அது பொருந்த வேண்டும். நான் பழக்கத்தில் பட்டச் சான்றிதழில் உள்ளபடி எழுதிவிட்டேன். திருத்த அவகாசம் இருந்தபோதே என் சக ஆசிரியை, "அக்கா, ஆதார்ல அப்படியா இருக்கு?" என்று கேட்டதால் தப்பித்தேன். பணி ஆவணங்களில் இரண்டு பெயருக்கும் தொடர்பு காட்ட என்னிடம் சான்று இருந்ததால், ஆதாரில் உள்ளபடியே மாற்றினேன். புகைப்படத்தையும் கையெழுத்தையும் தனித்தனிக் கோப்பாக ஏற்ற வேண்டியிருந்ததை மகள் பார்த்துக்கொண்டாள்.

தேர்வு அக்டோபர் கடைசியில், திருநெல்வேலியில். அதற்கு முந்தைய ஆயுதபூசை, விஜயதசமி விடுமுறை இரண்டு நாளும் புதிய காணொளி எதையும் பார்க்கவில்லை. பன்னிரண்டு அசைன்மென்ட்களின் கேள்விகளை மட்டும் அச்செடுத்து, விடைகளை மூடிவைத்துவிட்டு, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்துப் போட்டேன். தொண்ணூறு வாங்கிய முதல் நான்கு வாரக் கணக்குகளில் பாதி எனக்கு வரவில்லை; நாற்பது வாங்கிய பிறகு போராடிப் படித்த பகுதிகள் வந்தன. மீதமிருந்த இரவுகளை அந்த நான்கு வாரப் பாடத்துக்கே கொடுத்தேன், போதவில்லை.

தேர்வு அன்று காலை ஐந்தரைப் பேருந்தில் கணவரும் கூட வந்தார். தேர்வு மையத்தில் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள்; இந்த மதிப்பெண்ணைக் கல்லூரியில் கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதால் வந்தவர்கள். ஒரு பையன் நான் கண்காணிப்பாளர் என்று நினைத்து, "மேடம், பேனா உள்ள விடுவாங்களா?" என்று கேட்டான். கணினித் திரையில் கேள்வி, கையில் எழுதிப் பார்க்கத் தாள், திரையிலேயே கால்குலேட்டர். மவுஸை அழுத்தி எண்களைப் போடுவது மெதுவாக இருந்ததால் எளிய பெருக்கல்களைத் தாளிலேயே போட்டேன். பேய்ஸ் தேற்றத்தில் வந்த கேள்விக்கு, சூத்திரத்தை எழுதாமல் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டு எண்ணி விடை போட்டேன். தொடக்க வாரங்களின் பகுதியில் நான்கைந்து கேள்விகளை ஊகத்தில்தான் குறித்தேன்.

முடிவு சில வாரங்களில் வந்தது. அசைன்மென்ட்டில் 25-க்கு 22. தேர்வில் 75-க்கு 47.25, மொத்தம் 69. அறுபதுக்கு மேல் என்பதால் சான்றிதழில் 'எலைட்' என்று அச்சாகியிருந்தது. தாளில் அச்சடித்து அனுப்புவதில்லை. கியூஆர் குறியீட்டோடு கோப்பாகத்தான் தருகிறார்கள், நாமே அச்செடுத்துக்கொள்ள வேண்டும். மகிழ்ச்சிதான்; ஆனால், என்னைப் பற்றிச் சரியாகச் சொன்னது அந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருந்த இடைவெளி. வீட்டில், காணொளி பக்கத்தில் இருக்க, நூற்றுக்கு 88. யாரும் எதுவும் துணைக்கு இல்லாதபோது நூற்றுக்கு 63. இணையவழிப் படிப்பை நடத்துபவர்கள் நேரில் வைத்து ஒரு தேர்வு நடத்துவதை முன்பு வீண் அலைச்சல் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த 63-ஐத்தான் நான் நம்புகிறேன்.

இப்போது வகுப்புக் குழுவில் காணொளி அனுப்பினால், எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து அனுப்புகிறேன். நிறுத்திய இடத்தில் அவர்கள் போட்ட கணக்கு, தப்பாக இருந்தாலும், நோட்டில் இருக்க வேண்டும். மறுநாள் நான் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். வீட்டில் கைப்பேசி கிடைக்காத ஏழெட்டுப் பேருக்கு மதிய இடைவேளையில் ஹைடெக் லேப் கணினியில் ஓட்டிக் காட்டுகிறேன்.

கேள்வி கேட்ட மாணவி அதற்குள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். தேர்வில் துணையில்லாமல் அந்தக் கணக்கைப் போட்டு வந்த பிறகுதான் அவளிடம் அதைப் பேசத் துணிந்தேன். நிகழ்தகவுப் பரவல் பாடம் தொடங்கிய அன்று அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, ஆயிரம் தீப்பெட்டிகளை இரண்டு இயந்திரங்களுக்கும் பிரிக்கச் சொன்னேன். 12, 20 என்று எழுதி, கூட்டிக் கோடு போட்டவள், சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி, "அப்ப அன்னைக்குக் கீழ கூட்டினது இந்த 32-ஐத்தானா டீச்சர்?" என்றாள்.