கறுப்பு எறும்பா, சிவப்பு எறும்பா?

ஊசி போடும்போது நான் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." பயிற்சிக் காலத்தில் ஒரு சீனியர் அக்கா சொல்லக் கேட்டது. அப்படியே வாயில் ஒட்டிக்கொண்டு 11 வருடம் ஓடிவிட்டது. ஒருநாள் 7 வயதுப் பையன் ஒருவன் கையை நீட்டுவதற்கு முன்னால் என்னை நிமிர்ந்து பார்த்து, "கறுப்பு எறும்பா, சிவப்பு எறும்பா?" என்று கேட்டான். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவன் கண் அதற்குப் பிறகு ஊசியை விட்டு நகரவே இல்லை. நான் வாயைத் திறக்கும்வரை சுவரில் தொங்கிய காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சில மாதம் கழித்து ஒரு ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. 2010-இல் வந்தது. பிரசவத்துக்காக முதுகில் ஊசி போடவேண்டிய 140 பெண்கள். அந்தப் பெரிய ஊசிக்கு முன்னால் தோல் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி போடுவார்கள் இல்லையா, அந்த நேரத்தில் என்ன பேசுகிறோம் என்பதுதான் ஆய்வே. பாதிப் பேரிடம், "மரத்துப்போக மருந்து போடுகிறோம், அப்புறம் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்" என்றார்கள். மீதிப் பேரிடம், "பெரிய தேனீ கொட்டின மாதிரி இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம்" என்றார்கள். மருந்து ஒன்றுதான், ஊசியும் ஒன்றுதான். வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொன்னபோது முதல் கூட்டத்தின் நடுமதிப்பு 3. தேனீக் கூட்டத்துக்கு 5.

அன்பாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு 11 வருடம் எறும்பை அவிழ்த்து விட்டிருக்கிறேன்.

இப்போது எறும்பு, தேனீ, முள் எதுவும் என் வாயில் வருவதில்லை. மருந்து எதற்கு என்று சொல்கிறேன், போட்டுவிடுகிறேன். "வலிக்குமா?" என்று நேராகக் கேட்பவர்களிடம் மட்டும் "கொஞ்சம் வலிக்கும், உடனே முடிஞ்சிடும்" என்பேன். கேட்டவரிடம் பொய் சொன்னால் அடுத்த ஊசிக்கு அவர் கையைத் தரமாட்டார்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு இந்த மாதிரி ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. நைட் டியூட்டியில் மூன்று மணிக்குமேல் வார்டு கொஞ்சம் அடங்கும். அப்போது போனில் படிப்பேன். புது மருந்து, புது மெஷின் பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவை வேறு. இரும வைத்து ஊசி குத்திப் பார்த்திருக்கிறார்கள் (2004-இல் ஜெர்மனியில், 20 ஆண்கள், இருமியபோது வலி குறைவாகத்தான் இருந்தது). ஸ்பிரிட் பஞ்சை மோந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சுவிங்கம் மெல்லச் சொல்லியிருக்கிறார்கள். ஐ.சி.யூ.வில் காதை அடைத்துக்கொண்டு தூங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்பிரிட் பஞ்சு விஷயத்தை நான் முதலில் நம்பவில்லை. 2018-இல் அவசரச் சிகிச்சைப் பிரிவில் குமட்டலோடு வந்த 122 பேரை வைத்துச் செய்தது. சிலருக்கு ஒண்டான்செட்ரான் என்ற குமட்டல் மாத்திரை மட்டும், சிலருக்கு மோந்து பார்க்க ஸ்பிரிட் பஞ்சு மட்டும், சிலருக்கு இரண்டும். ஒன்று மட்டும் கிடைத்தவர்களுக்கு இன்னொன்றுக்குப் பதிலாகப் போலி மாத்திரையோ உப்புத் தண்ணீர் நனைத்த பஞ்சோ கொடுத்துச் சமன் செய்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் 100-க்குள் அளந்த குமட்டல், மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 9 புள்ளி குறைந்தது. மோந்தவர்களுக்கு 30-க்குக் குறையாமல். என் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கிற அதே பஞ்சு! டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அன்றைக்கே ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று முறை ஆழமாக மோந்துவிட்டு, "நல்லா இருக்கு சிஸ்டர், ஆனா ஊசி போடப்போறீங்களோன்னு பயமா இருக்கு" என்றார்.

சுவிங்கத்தின் கதை வேறு மாதிரி முடிந்தது. வயிற்று ஆபரேஷன் ஆனதும் குடல் சில நாள் தூங்கிவிடும். வாய் மெல்ல ஆரம்பித்தால் சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து விழிக்கும் என்பது யோசனை. 2002-இல் ஜப்பானில் 19 பேரை வைத்துப் பார்த்தார்கள். மென்றவர்களுக்கு 2.1 நாளில் வாயு பிரிந்தது, மெல்லாதவர்களுக்கு 3.2 நாள். எல்லோருக்கும் ஒரே குஷி. பின்னால் நெதர்லாந்தில் 2,000 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தபோது, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் ஒன்றும் குறையவில்லை. அதற்குள் ஆபரேஷன் ஆனவரைச் சீக்கிரம் சாப்பிடவைத்து நடக்கவைக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதற்குமேல் சுவிங்கம் செய்வதற்கு வேலை மிச்சமில்லை போலிருக்கிறது. 19 பேரை வைத்துச் சொன்னதைக் கேட்டுக் குதிக்கக் கூடாது என்று அப்போதிலிருந்து ஒரு எச்சரிக்கை. ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று 1984-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வும் 46 பேருடைய பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து ஜோடி சேர்த்துப் பார்த்ததுதான். மரம் தெரிந்தவர்களுக்கு 7.96 நாள், செங்கல் சுவர் தெரிந்தவர்களுக்கு 8.70 நாள். பிடித்த ஆய்வுதான், ஜன்னலோரப் படுக்கை காலியானால் நானும் யாரையாவது மாற்றிவிடுவேன். ஆனாலும் சத்தியம் செய்யமாட்டேன்.

இந்த மாதிரி ஆய்வுகளில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மாத்திரை என்றால் அதே நிறத்தில் போலி மாத்திரை செய்துவிடலாம். விசிறிக்குப் போலி எங்கே போய்த் தேடுவது?

அதற்கு ஒருவர் கண்டுபிடித்த வழிதான் நான் படித்ததிலேயே அழகானது. மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஜன்னல் பக்கம் போய் உட்காருவார்கள், முகத்தில் காற்று படவேண்டும் என்பார்கள். காலங்காலமாகப் பார்க்கிறோம். 2010-இல் இங்கிலாந்தில் 50 பேருக்கு ஒரு சின்னக் கைமின்விசிறியைக் கொடுத்தார்கள். 5 நிமிடம் முகத்துக்கு நேராக, இன்னொரு 5 நிமிடம் காலுக்கு நேராக. எது முதலில் என்பது சீட்டுக் குலுக்கியது போல. அதே விசிறி, அதே சத்தம், அதே அக்கறை. காற்று படும் இடம் மட்டும் வேறு. முகத்தில் பட்டபோதுதான் திணறல் குறைந்தது. கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் குளிர்ச்சியை உணரும் நரம்பு, மூச்சு போதவில்லை என்ற தவிப்பைத் தணிக்கிறது என்கிறார்கள்.

இதை நான் அப்பாவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அவருக்கு நுரையீரல் பலவீனம், பல வருடக் கதை. மாடி ஏறினால் போதும், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, உதட்டைக் குவித்து ஊதுவார். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 95. "குழாயை மாட்டும்மா" என்பார். 95-இல் குழாய் எதற்கு என்று நான் வாதாடுவேன், திணறுகிற மனிதரிடம் நம்பர் சொல்லி வாதாடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. அதே 2010-இல் இன்னொரு ஆய்வும் வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அவ்வளவாகக் குறையாத, ஆனால் மூச்சு வாங்குகிற 239 பேர். பாதிப் பேருக்கு மூக்குக் குழாயில் ஆக்சிஜன், பாதிப் பேருக்கு அதே குழாயில் வெறும் அறைக்காற்று, 7 நாள். இரண்டு கூட்டத்துக்கும் கொஞ்சம் தேவலையானது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. (ஆக்சிஜன் நிஜமாகவே குறைந்திருந்தால் இது பொருந்தாது. அவர்களுக்குக் குழாய்தான்.)

ஒரு கைமின்விசிறி வாங்கி வந்தேன். அப்பா அதைப் பார்த்த பார்வையில் ஏளனம் வழிந்தது. முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, மூக்கும் மேலுதடும் நனைகிற மாதிரி காற்றைப் பிடித்தேன். கண்ணை மூடினார். தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. கை வலித்து நான் விசிறியைத் தாழ்த்தியபோது கண்ணைத் திறக்காமலே ஆட்காட்டி விரலை மட்டும் உயர்த்தினார். நிறுத்தாதே என்று அர்த்தம். அதற்கப்புறம் அது அவர் தலையணைக்கடியில்தான் இருந்தது.

அப்பா விஷயத்தில் எனக்குப் பெருமை அதோடு சரி. அடுத்தது என் தப்பு.

நிமோனியா வந்து அவரைச் சேர்த்தபோது, படுக்கை கொடுத்ததும் நான் செய்த முதல் வேலை, அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் ஒரு கவரில் போட்டுப் பைக்குள் பத்திரப்படுத்தியது. தொலைந்துவிடக்கூடாதே. வார்டில் எத்தனை கண்ணாடி தொலைந்ததைப் பார்த்திருக்கிறேன்! மூன்றாம் நாள் இரவு என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ட்ரிப் ஊசியைப் பிடுங்கினார். மேலே ஓடிக்கொண்டிருந்தது மின்விசிறி, அவர் கண்ணுக்கு அது ஒரு பறவை. கண்ணாடி இல்லாமல், இருட்டில், சத்தம் சரியாகக் கேட்காமல், அது பறவையாகத்தான் தெரியும்.

டெலிரியம், அதாவது உடம்பு முடியாதபோது திடீரென வரும் மனக்குழப்பம் என்று எனக்குத் தெரியும், கிளாஸில் படித்ததுதான். 1999-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் இனோயியின் குழு 70 வயது தாண்டிய 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வும் தெரியும். கண்ணாடி போட்டுவிடுவது, காது மெஷினை மாட்டுவது, இன்றைக்கு என்ன கிழமை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வது, தண்ணீர் கொடுப்பது, எழுப்பி நடக்கவைப்பது, இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து முதுகைத் தேய்த்துவிடுவது. மாத்திரை இடிக்கும் சத்தம்கூடக் கேட்காத கருவி வாங்கினார்களாம். இப்படிக் கவனித்த வார்டில் குழப்பம் வந்தவர்கள் 9.9 சதவீதம். வழக்கம்போல் நடந்த வார்டுகளில் 15. இதில் என்னைக் குத்தியது வேறொன்று. குழப்பம் ஒருமுறை வந்தபின் இதே கவனிப்பு அதன் கடுமையைப் பெரிதாகக் குறைக்கவில்லை. வருமுன் செய்தால்தான் உண்டு. எல்லாம் தெரிந்த நர்ஸ், கவரில் முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைத்திருந்தாள்.

இரவு இரண்டு மணிக்கு முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். தெளிய இன்னும் நான்கு நாள் ஆனது.

அப்பா வீட்டுக்கு வந்தபின் ஒரு விஷயம் சொன்னார். "அந்த உயரமான டாக்டர் நல்லவர். எவ்வளவு நேரம் பேசினார்!" நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றரை நிமிடம் இருந்திருந்தால் அதிகம். ஆனால் கட்டிலோரம் உட்கார்ந்தார். அமெரிக்காவில் கேன்சஸில் 2012-இல் இதையே அளந்திருக்கிறார்கள். முதுகெலும்பு ஆபரேஷன் ஆன 120 பேர். டாக்டர் சிலரிடம் நின்று பேசினார், சிலரிடம் உட்கார்ந்து பேசினார். கடிகாரப்படி இரண்டும் ஒன்றரை நிமிடத்துக்குள்தான். உட்கார்ந்து பேசியவர் ஐந்து நிமிடத்துக்குமேல் இருந்ததாக நோயாளிகள் சொன்னார்கள்.

சரி, அப்படியானால் டாக்டர்கள் ஏன் உட்காருவதில்லை? 2023-இல் வந்த ஆய்வு ஒன்றை எங்கள் வார்டில் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டெக்சாஸில் ஒரு ஆஸ்பத்திரி. 51 டாக்டர்கள். உண்மையில் எதை ஆராய்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. சில அறைகளில் நாற்காலியைக் கட்டிலுக்கு மூன்றடிக்குள், கட்டிலைப் பார்த்த மாதிரி போட்டார்கள். மற்ற அறைகளில் அது வழக்கமான இடத்திலேயே கிடந்தது. மொத்தம் 125 சந்திப்புகள். பக்கத்தில் நாற்காலி இருந்தபோது 63 சதவீதம் உட்கார்ந்தார்கள். இல்லாதபோது 8. அறையில் இருந்த நேரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நோயாளிகளின் திருப்தி மட்டும் கொஞ்சம் ஏறியது. உட்காராத டாக்டரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேருக்கு நாற்காலி எட்டவில்லை, அவ்வளவுதான். என் கைக்கும் அன்றைக்குக் கண்ணாடி எட்டவில்லை, நானே பைக்குள் போட்டுவிட்டதால்.

எங்கள் வார்டில் நாற்காலிகளைக் காலையில் துடைப்பவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கதவோரம் வைத்துவிடுவார். அவர்மேல் தப்பில்லை, தரை துடைக்கவேண்டாமா. ரவுண்ட்ஸுக்கு முன்னால் நான் ஆறாம் படுக்கைப் பக்கத்தில் ஒன்றை இழுத்துப் போடுகிறேன். நேற்று துடைக்கிற அந்த அம்மா கேட்டார், "யாருக்கு சிஸ்டர் இது, அட்டெண்டர் தூங்குறதுக்கா?"

"டாக்டருக்கு."

"எந்த டாக்டர் உட்கார்றாரு?" என்று சொல்லிக்கொண்டே, ஈரத்துணியால் அதன் கையைத் துடைத்து, மறுபடி அடுக்கின்மேல் வைத்துவிட்டுப் போனார். நான் போய் எடுத்து வந்தேன்.